ரசீது எண் நாற்பத்தொன்று

தேர்தல் தேதி சொன்ன மறுநாளே
கோத்தகிரி ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கின.
உறையில் சில, உரச் சாக்கில் சில,
ஒன்று மட்டும் பழைய பட்டுப்புடவை சுற்றி.
நான் ரைட்டர். ரசீது போடுவது என் வேலை.
சாத்தூர்க்காரி. காக்கிக்குள்ளே இரண்டு ஸ்வெட்டர்.

நாற்பத்தொன்றாவது ஆள் ஹாலன்.
கேரட் போடுகிறவர், நகக்கண்ணில் செம்மண்.
மேசையில் இரண்டை வைத்தார்.
முதலாவது த்ரீ-ஒன்-ஃபைவ்,
சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு.
ஒரு மண்வெட்டிக்கு உண்டான அழகு அதற்கும் உண்டு.
"ஏன் இது?" என்றேன், சும்மா பேச்சுக்கு.
"தோட்டா கிடைக்கும்" என்றார்.
"காட்டி விழுமா, யானை விழுமா என்று
டீக்கடையில் அளக்கிறவன் அளக்கட்டும்.
மழையில் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய்
பத்துத் தோட்டா வாங்கி
அன்றைக்கே திரும்பி வர முடிந்தால்
அதுதான் நல்ல துப்பாக்கி.
தோளை உடைக்காமல் இருந்தால்
இரண்டாவது குண்டும் நேராகப் போகும்."

இன்னொன்றின் உறையைத் திறந்தார்.
பேனா நின்றது.

எண்கோணக் குழல்.
அடியில், விரல்கள் நுழைய இரும்பில் ஒரு வளையம்.
கீழே தள்ளினால் மேலே வாய் திறக்கும்,
திரும்ப இழுத்தால் மூடிக்கொள்ளும்.
எடை சமமாகும் இடத்தில் கறுப்புத் தேய்ந்து
வெள்ளி தெரிந்தது,
சரியாக ஒரு கை பிடிக்கும் அகலத்துக்கு.
சுட்டதைவிடச் சுமந்து நடந்ததே அதிகம்.

'போர்' என்ற கட்டத்தில் என்ன எழுத?
"நாற்பத்துநாலு."
தோட்டா?
"அப்பா காலத்திலேயே தீர்ந்தது.
கடைசிக் காலிக் கூட்டைத் தம்பி
சாவிக்கொத்தில் கோர்த்துத் தொலைத்தான்."

மூன்று வைத்திருந்தாராம்.
இரண்டுதான் கூடும் என்று சட்டம் வந்ததும்
எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.
"பன்னிரண்டு போரை."
பன்றி விரட்ட அதுதானே வாகு?
"ஆமாம்" என்றார்.
அதற்குமேல் கேட்க ரசீதில் கட்டம் இல்லை.

வரிசை எண்ணில் ஒரு இலக்கம் மழுங்கியிருந்தது.
சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தேன்.
லைசென்ஸ் மூன்று என்றது,
இரும்பு எட்டு என்பதுபோல் இருந்தது.
மூன்று என்றே எழுதினேன்.

பிறகு நாற்பது நாள்
இன்சாஸ்களுக்கு நடுவே அது நின்றது,
கம்பெனி வேனில் ஏறிவிட்ட கல்யாண வீட்டுக்காரர் மாதிரி.
ஒரு ராத்திரி, பாராக்காரர் டீக்குப் போனபோது
எடுத்து ஒரே ஒரு தரம் தள்ளி இழுத்தேன்.
பன்னிரண்டு வயதில் நான் ஒட்டிய
அத்தனை ஆயிரம் தீப்பெட்டிகளில்
ஒன்றாவது இத்தனை சரியாக மூடியிருக்குமா?
இன்னொரு தரம் இழுத்தேன்.
கொஞ்சம் வறண்ட மாதிரி பட்டது.
கைப்பையில் இருந்ததைத் தொட்டுத் தடவினேன்,
மூட்டில், வளையத்தில், உள்ளே விரல் போன வரைக்கும்.

எண்ணிக்கை முடிந்தது. யாரோ ஜெயித்தார்கள்.
ஹாலன் வந்தார், தொப்பியில் மழை.
கிழங்குக் காட்டில் பாதியைப் பன்றி தின்றுவிட்டது என்றார்,
பட்டாசுக்கு அது இப்போது பழகிவிட்டதாம்.
த்ரீ-ஒன்-ஃபைவை வாங்கிப் பார்க்காமலே சாய்த்து வைத்தார்.
மற்றதை மடியில் கிடத்தி லீவரைத் தள்ளினார்.

அசையவில்லை.

மறுபடி. கட்டை போல இருந்தது.
முகர்ந்தார்.
நிமிர்ந்து என் பின்னலைப் பார்த்தார்.
இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய்
மெழுகாய் உறையும் என்று எனக்குத் தெரியாதா என்ன!
குளியலறையில் தினமும்
பாட்டிலை வெந்நீரில் போட்டுத்தான் தலைக்கு வைக்கிறேன்.
ஆனாலும் அந்த ராத்திரி அது நினைவில் இல்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
என் டீ கெண்டியை நகர்த்தி
துப்பாக்கியின் வயிற்றோடு அணைத்து வைத்தார்.
இன்ஸ்பெக்டர் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று
நான் வாசலைப் பார்த்தேன், அவர் லீவரைப் பார்த்தார்.
இருவருமாக அது உருகக் காத்திருந்தோம்.

பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் வரியில்,
பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்திட்ட இடத்தில்
இன்னும் ஒரு சொட்டுக் கறை.
அதன் வழியே
அடுத்த பக்கம் தெரிகிறது.